பூட்டியது யாருடைய கை?

மதத்தால் சமுதாயத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா? எத்தனை பட்டிமன்றங்களில் இந்தத் தலைப்பைக் கேட்டுவிட்டோம்! ஓர் அணி அன்னதானத்தையும் மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் அடுக்கும். எதிரணி கலவரத்தையும் தீண்டாமையையும் நரபலியையும் அடுக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார் நடுவர். கைதட்டல். கூட்டம் கலையும். யாருக்கும் எந்தச் சங்கடமும் நேராமல் முடிகிற அந்த முடிவுதான் என்னை உறுத்துகிறது. அந்தக் கணக்கில் செய்தவன் வருவதே இல்லை. நன்மையும் மதத்தின் பேரில் எழுதப்படுகிறது, தீமையும் மதத்தின் பேரில் எழுதப்படுகிறது. சோறு போட்ட கைக்கும் பெயர் இல்லை, சூடு போட்ட கைக்கும் பெயர் இல்லை.

நான் கைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதற்கு ஓர் ஊர் போதும்.

ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியும் நேரம். தர்காவை அண்டி நடந்துவந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோரைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடிந்த சிலர் ஓடினார்கள். பிணைக்கப்பட்டவர்கள் பிணைத்த இடத்திலேயே எரிந்தார்கள். செத்தவர்கள் 28 பேர்.

அவர்களைக் கொன்றது தீ என்று சொல்லலாமா? தீ எங்கேயும்தான் பிடிக்கிறது. கொட்டகை எரிந்தால் மனிதன் எழுந்து வெளியே ஓடுவான். சித்தம் கலங்கியவனும் ஓடுவான். அவனை ஓடவிடாமல் வைத்தது சங்கிலி. சங்கிலி தானாகப் போய்க் காலைச் சுற்றிக்கொள்ளாது. யாரோ ஒருவர் குனிந்து, அந்தக் காலைப் பிடித்து, வளையத்தை மாட்டி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அன்று ஒருநாள் மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும். அந்தக் கை யாருடையது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் காப்பகத்தைத் தர்கா நடத்தவில்லை, அது தனியாருடையது. இது இஸ்லாமியரின் கதையும் அல்ல. ஏர்வாடிக்கு எல்லா மதத்தாரும் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிற கோயில்கள் இருக்கின்றன, தேவாலயங்கள் இருக்கின்றன. ராஜஸ்தானின் மேஹந்திப்பூர் பாலாஜி கோயில் பேயோட்டுவதற்கே பேர்போனது. “அவர்கள் மதத்தில்தானே” என்று எந்த வாசகராவது இங்கே நிம்மதிப் பெருமூச்சு விட்டால், அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கொட்டகைகளில் நிலவிய நம்பிக்கை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். மனம் பேதலித்தவருக்குப் பேய் பிடித்திருக்கிறது அல்லது யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள். மருந்து, புனித நீரும் தர்கா விளக்கின் எண்ணெயும். சிலருக்கு உள்ளே இருக்கும் தீயசக்தியை விரட்டப் பிரம்படியும் கிடைத்தது. சரி, எப்போது வீட்டுக்குப் போகலாம்? கனவில் உத்தரவு வரும்போது. இரண்டு மாதத்தில் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். அதுவரை அங்கேயே இருக்க வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கு டைபாய்டு. மருத்துவர், “எனக்குக் கனவு வரட்டும், பிறகு அனுப்புகிறேன்” என்கிறார். ஒரு நாள் பொறுப்பீர்களா? மருத்துவமனையில் ஆறு மாதம் ஆகியும் குணம் தெரியவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் உண்டு. ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு, ஏன் இன்னும் சரியாகவில்லை என்று கேட்கலாம், வேறு மருத்துவரிடம் காட்டலாம், வழக்குப் போடலாம். கனவில் உத்தரவு வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது? வராததற்குக் காரணமும் நோயாளியின் தலையிலேயே விழும்: நம்பிக்கை போதாது, வேண்டுதலில் குறை, பேய் பொல்லாதது. குணமானால் அற்புதம், குணமாகாவிட்டால் விதி. எப்படி முடிந்தாலும் சாவி வைத்திருந்தவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்திடமிருந்து பணம் மட்டும் வந்துகொண்டிருக்கும். காத்திருப்பு நீண்டால் யாருக்கு ஆதாயம் என்று கேட்பதற்குப் பெரிய அறிவு வேண்டாம். ஆனால் தெய்வத்தின் பெயரில் நடக்கும் காரியத்தில் அந்தச் சின்னக் கேள்வியைக் கேட்கக்கூட நாக்கு எழுவதில்லை.

மதம் செய்கிற தீமைகளில் பெரியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பொய்யை நம்புவது அல்ல; மனிதர்கள் பொய்யான பலவற்றை நம்பிக்கொண்டும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக வாழ்ந்துவிடுகிறார்கள். செய்தவனைக் காணாமல் அடித்துவிடுவதுதான் பெரிய தீமை. “ஆண்டவன் சித்தம்” என்ற இரண்டு சொற்கள் விழுந்தவுடன் பூட்டிய கை மறைந்துவிடுகிறது.

ஏர்வாடியில் எத்தனை கைகள்! காப்பகம் நடத்தியவரின் கை முதலாவது. அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ஒரு கைக்காவது பெயர் எழுதப்பட்டது.

இரண்டாவது, அரசின் கை. மனநலக் காப்பகம் நடத்த உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்லிவிட்டது. 1993இல் அது நடைமுறைக்கும் வந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகள் அந்தக் கொட்டகைகள் ஒளிந்துகொண்டா இயங்கின? தர்காவுக்கு வருகிற எவர் கண்ணிலும் படுகிற இடத்தில், பகலில் மரத்திலும் இரவில் கட்டிலிலும் கட்டப்பட்ட மனிதர்களோடு இயங்கின. பார்க்காத அதிகாரி இருந்திருக்க முடியுமா? “மக்களின் நம்பிக்கையில் நாம் ஏன் கைவைக்க வேண்டும்” என்ற எண்ணம் எத்தனை பேரைக் கண்ணை மூடிக்கொள்ளச் செய்திருக்கும்? 28 பேர் எரிந்த பிறகு ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, அந்தக் காப்பகங்கள் எல்லாவற்றையும் அரசு மூடியது. 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. ஒரு வாரத்தில் முடிந்த வேலை, எட்டு வருடமாக முடியவில்லை. நீதிபதி ராமதாஸ் விசாரணை ஆணையம் வந்தது, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. எல்லாம் பிணங்களுக்குப் பிறகு.

மூன்றாவது, குடும்பத்தின் கை. இங்கேதான் பகுத்தறிவு பேசுகிறவர்கள் பலர் அவசரப்பட்டுக் கல்லெறிகிறார்கள். நான் எறியமாட்டேன். இரவெல்லாம் தூங்காத மகன். யாரும் பேசாத குரல் அவன் காதில் கேட்கிறது. திடீரென்று வீட்டை விட்டு ஓடுகிறான், தெருவில் போகிறவரை அடிக்கிறான். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று சண்டை பிடிக்கிறார்கள். அவனால் தங்கையின் சம்பந்தம் தட்டிப்போகிறது. கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற நிலையில் அம்மா வேலைக்குப் போவாளா, அவனைக் காவல் காப்பாளா? தமிழ்நாட்டின் அரசு மனநல மருத்துவமனை எங்கே இருக்கிறது? 1794இல் தொடங்கிய அமைப்பு, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பெயரை நாம் என்ன செய்து வைத்திருந்தோம்? திரையில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துக் “கீழ்ப்பாக்கம்” என்றால் அரங்கமே சிரித்தது. தர்காவுக்குப் போனால் நேர்ச்சை, கீழ்ப்பாக்கத்துக்குப் போனால் அவமானம் என்று அந்தத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தது எந்த வேதமும் அல்ல. அந்தச் சிரிப்பு. அதில் கடவுளை நம்புகிறவரும் இருந்தார், நம்பாதவரும் இருந்தார்.

ஆகவே மதத்தின் பக்கத்து நியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. வேறு யாரும் வாசலைத் திறக்காதபோது தர்கா திறந்தது. வந்தவர் இந்துவா முஸ்லிமா, என்ன சாதி என்று அங்கே கேட்கவில்லை. பித்துப் பிடித்தவர் என்று ஊர் ஒதுக்கியவரை, வேண்டுதலுக்கு வந்தவர் என்று அந்த மண் ஏற்றுக்கொண்டது. இது சாதாரணக் காரியமா? கைவிடப்பட்டவருக்கு உட்கார ஒரு நிழல் கொடுப்பது பெரிய மனிதத்தன்மை. அதை ஒப்புக்கொள்ளாத பகுத்தறிவு கண்ணை மூடிக்கொண்ட பகுத்தறிவு.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயில் இருக்கிறது. மனநோயாளிகள் வந்து தங்குகிற இடம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் அங்கே போய், கடுமையான மனநோய் உள்ள 31 பேரை வந்த நாளிலும் திரும்பும் நாளிலும் முறைப்படி பரிசோதித்தார்கள். அவர்கள் சராசரியாக ஐந்தாறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. சில புதிய மருந்துகள் தருகிற பலனுக்கு இணையான குறைவு அது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த ஆய்வை வெளியிட்டது. மத நம்பிக்கையாளர்கள் கொடிபிடித்துக் கொண்டாட வேண்டிய ஆய்வு, இல்லையா?

கொண்டாடலாம். ஆனால் அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுக் கொண்டாடுவோம். பேயோட்டும் சடங்கு என்று தனியாக எதுவும் இல்லை. காலையில் சிறிது நேரம் பூசை. பிறகு நோயாளி வளாகத்தைப் பெருக்குகிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வீட்டிலிருந்து வந்த உறவினர் பக்கத்திலேயே இருக்கிறார். யாரும் பயமுறுத்துவதில்லை. தங்குவதற்கு இடம் உண்டு, செய்வதற்கு வேலை உண்டு, பேசுவதற்கு ஆள் உண்டு. ஆதரவும் அச்சமின்மையும் உள்ள அந்தச் சூழல்தான் பலன் தந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இப்போது கேட்கிறேன். வேலாயுதம்பாளையம்புதூரிலும் தெய்வம் உண்டு, ஏர்வாடிக் கொட்டகையிலும் தெய்வத்தின் பெயர் உண்டு. ஓரிடத்தில் மனிதர் தேறினார், இன்னோரிடத்தில் மனிதர் எரிந்தார். வேறுபாடு எதில்? தெய்வத்திலா, நடத்திய விதத்திலா? நடத்திய விதத்தில்தான் என்றால், குணத்துக்கான பாராட்டும் கொலைக்கான பழியும் மனிதக் கையிடமே போய்ச் சேர வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். பக்கத்தில் படுத்திருந்த அக்காவுக்கு நன்றி சொல்லுங்கள். அவர்கள் செய்த வேலையை உண்டியலில் போட்டுவிட்டு வராதீர்கள்.

“மதம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் மருத்துவமனை ஏது?” என்று அடுத்த கேள்வி வரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான், அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நானும் தேடமாட்டேன். ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகள். திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடா மருத்துவம் படித்தவர் அல்ல, தந்தை மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த ஓர் இரவில் மதத்தின் இரு முகங்களும் தெரிகின்றன. மூன்று உயிர்களைக் கொண்டுபோனது மதமும் ஆசாரமும் கட்டிவைத்த தீட்டு, மானம் பற்றிய விதி. ஐடாவின் மனத்தை உலுக்கி அவரைத் திருப்பியதில் அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பங்கு உண்டு. அவரே அப்படித்தான் எண்ணினார், அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவர் அடுத்து என்ன செய்தார்? முழங்காலிட்டபடியே இருந்துவிடவில்லை. அமெரிக்கா போனார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்த முதல் அணியில் படித்து 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்குத் திரும்பி ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அடுத்த பிரசவத்தில் தாயைக் காப்பாற்றியது அவர் கற்ற உடற்கூறியல், கொதிக்கவைத்த கருவி, தையல் தெரிந்த விரல். நம்பிக்கை அவரைப் படிக்கத் தூண்டியிருக்கலாம். பாடத்தை நடத்தியது அறிவு. அந்தத் தூண்டுதல் வேறு வழியில் வராதா? ஒரே இரவில் மூன்று பெண்கள் செத்ததைக் கேட்டு மனம் பதறுவதற்கு ஞானஸ்நானம் தேவையா? நீங்கள் எந்தக் கடவுளை நம்பினாலும், எதையும் நம்பாவிட்டாலும், அந்த இரவு உங்களையும் தூங்கவிடாது. அந்தப் பதற்றம்தான் ஒழுக்கத்தின் வேர் என்று நான் நினைக்கிறேன். மதம் அதற்கு உரிமை கொண்டாடுகிறது. உண்டாக்கியது மதம் அல்ல.

“அறிவியல் மட்டும் யோக்கியமா?” என்று கேட்கிறவர்களும் உண்டு. நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். இல்லை, யோக்கியமாக இருந்ததில்லை. பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை மனநோயாளிகளைச் சங்கிலியில்தான் வைத்திருந்தார்கள். மூளையின் நரம்பிழைகளை வெட்டும் அறுவைக்காக ஈகாஸ் மோனிஸ் என்பவருக்கு 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த அறுவையால் நடைப்பிணமானவர்கள் ஏராளம். நம் ஊர் மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுக்காமலே மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இவையெல்லாம் கொடுமைகள். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு செய்ததால் கொடுமை குறைந்துவிடாது.

ஆனால் அவை எப்படி நின்றன? பிசெத்ரில் சங்கிலியைக் கழற்றியவர் புசேன் என்ற மேற்பார்வையாளர். அவரே அங்கே நோயாளியாக வந்து தேறியவர். கழற்றினால் என்ன ஆகிறது என்று பார்த்தார். நோயாளிகள் அமைதியானார்கள். அவரிடம் கற்றுக்கொண்ட மருத்துவர் பினேல் அதை உலகுக்கு எழுதினார். மூளை அறுவையின் விளைவுகளை மருத்துவர்களே எண்ணிப் பார்த்தார்கள். 1950களில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்ததும் கத்தி கீழே போயிற்று. நோபல் பரிசு பெற்ற கொள்கையைத் தவறு என்று சொன்னவரை யாரும் நிந்தனைக் குற்றம் சாட்டவில்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று சொல்கிற அதே பிரிவுதான், மயக்க மருந்தில்லாத மின்னதிர்ச்சியும் கூடாது என்கிறது. பூசாரியின் கொடுமையும் மருத்துவரின் கொடுமையும் ஒரே பிரிவில். பகுத்தறிவு என்று நான் மதிப்பது இதைத்தான்: தன் தவற்றையும் பட்டியலில் சேர்க்கிற நேர்மை.

மதத்திலும் சீர்திருத்தம் நடந்திருக்கிறதே என்பீர்கள். நடந்திருக்கிறது. என்ன விலைக்கு? நரேந்திர தபோல்கர் மருத்துவர். மூடநம்பிக்கையின் பெயரால் மனிதரை வதைப்பதற்கு எதிராக ஒரு சட்டம் வேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கணக்கில் போராடினார். கடவுளைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அடிக்காதீர்கள், பலி கொடுக்காதீர்கள், ஏமாற்றாதீர்கள் என்றார். 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி காலை புனேயில் நடைப்பயிற்சிக்குப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் அவசரச் சட்டமும், அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமும் வந்தன. கேள்வி கேட்டவர் பிணமான பிறகுதான் கேள்விக்குப் பதில் கிடைத்தது. எந்த மருந்தின் குறையைச் சொன்னதற்காக எந்த மருத்துவரை, அந்த மருந்தைப் புனிதமாகக் கருதுகிறவர்கள் சுட்டார்கள்?

கடவுள் பயம் இல்லாவிட்டால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஏர்வாடிக் கொட்டகையில் கடவுள் பயத்துக்கு என்ன குறை? புனிதத் தலத்தின் நிழலில்தானே அந்தக் கொட்டகை நின்றது? நரகத்துக்கு அஞ்சி ஒருவராவது ஒரு பூட்டைத் திறந்தாரா? உரிமம் எங்கே என்று கேட்கிற ஓர் ஆய்வாளர் மாதம் ஒருமுறை வந்திருந்தால் அந்த 28 பேரில் பலர் இன்று உயிரோடு இருந்திருக்கலாம். அச்சத்தால் வருவது ஒழுக்கம் அல்ல, அடக்கம். அதுவும் பார்க்கிறவர் இருக்கும் வரைக்கும்தான்.

இனி என் பக்கத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை. காப்பகங்களை மூடியதும் பலர் வெற்றி என்று எழுதினார்கள். மூடநம்பிக்கைக் கூடாரம் ஒழிந்ததாம். அங்கிருந்து வெளியேற்றிய 500 பேர் எங்கே போனார்கள், எந்த வீடு அவர்களைத் திரும்ப ஏற்றது, எந்த ஊரில் மருந்து கிடைத்தது என்று எத்தனை பேர் பின்தொடர்ந்து கேட்டார்கள்? கடவுள் இல்லை என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த இடத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்கு ஆயுள் போதாது. கடவுளை நம்பாதவன் வீட்டிலும் மனநோயாளிகளைக் கொல்லைப்புற அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கடவுளை நம்பாதவனும் சம்பந்தம் பேசப் போகும்போது, “குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் உண்டா” என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கிறான். பேயை நம்பாமல் பேய் பிடித்தவனைப் போலவே மனிதனை நடத்துவதற்குப் பெயர் பகுத்தறிவா? கடவுளைத் தள்ளிவைத்தவனுக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது; பழிபோட அவனுக்கு மேலே யாரும் இல்லை.

வேறு வழி வெறும் கனவு அல்ல. சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் ‘தி பேன்யன்’ தொடங்கியபோது இருவரும் இளம்பெண்கள். தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களை அழைத்துவந்து வைத்தியம் செய்து, ஊரும் பேரும் நினைவு வந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே வீட்டுக்குப் போகும் நாளைக் கனவு தீர்மானிக்கவில்லை.

தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசித்தவனிடம் சாதி கேட்காமல் சோறு போடுகிறது. அந்த மனிதர் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. சாதியையும் சாத்திரத்தையும் அவரைப் போல் உதறியவர் ஆன்மிகத்தில் எத்தனை பேர்? ஆனால் 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தபோது வேறொன்று நடந்தது. தட்டை நீட்டிய குழந்தை யாருக்கும் நன்றிக்கடன் படவில்லை. சோறு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ஏர்வாடியில் பற்றி எரிந்த அதே 2001ஆம் ஆண்டின் நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அருளாக வந்த சோறு உரிமையாகிவிட்டது. மதம் எவ்வளவு கனிவோடு கொடுத்தாலும் வாங்குகிறவன் குனிந்துதான் வாங்க வேண்டும்.

பட்டிமன்ற நடுவரைப் போல நழுவாமல் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மதத்தால் விளைவது தீமைதான் அதிகம். பிணங்களை எண்ணி நான் இதைச் சொல்லவில்லை. மதத்தின் பேரில் நடந்த நன்மை ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள், அதை மதமில்லாமலும் செய்ய முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். மதத்துக்கு மட்டுமே உரியது என்று கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான், கேள்வி கேட்கக் கூடாத அதிகாரம். அந்த அதிகாரம் கைக்கு வந்தவுடன் நல்லவரும் கண்ணை மூடுகிறார், கெட்டவர் பூட்டைப் போடுகிறார்.

அதற்காகத் தர்கா வாசலில் மறியல் செய்யச் சொல்கிறேனா? இல்லை. குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. வேண்டிக்கொள்ள வருகிறவரிடம் தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே, “துவாவும் செய்துகொள், மருந்தும் வாங்கிக்கொள்” என்று அங்கேயே இருக்கும் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். பின்னர் தமிழக அரசும் ஏர்வாடியில் அதே வழியைப் பின்பற்றியது. இது மூடநம்பிக்கையோடு சமரசம் என்று நண்பர்கள் சிலர் கோபிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. மாத்திரை வயிற்றுக்குள் போகிறது, பதிவேட்டில் பெயர் ஏறுகிறது, அடுத்த வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. தாயத்து கையில் இருந்துவிட்டுப் போகட்டும். காலில் எதுவும் இருக்கக் கூடாது.

ஆனால் இருக்கிறது. ஏர்வாடி நடந்து 17 ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் பதாவுனில் ஒரு வழிபாட்டுத் தலக் காப்பகத்தில் மனநோயாளிகளைச் சங்கிலியில் வைத்திருப்பதாக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. மனிதத்தன்மையற்றது என்று நீதிமன்றம் கண்டித்தது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லாக் கொட்டகைகளும் முளைக்கின்றன.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு வாரத்தில் எந்த நாள் இயங்குகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து ஊர்க் கோயில் எந்த நாளில் குறி சொல்கிறது என்று தெரிகிறதல்லவா? 14416 என்ற எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. அதை யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் தெருவில் ஒரு வீட்டில் வெளியே வராத ஒரு மகன் இருக்கிறான், பல வருடமாக யாரும் பார்க்காத ஒரு மருமகள் இருக்கிறாள். எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும். தட்டிக் கேட்டால் அவமானப்படுவார்கள் என்று இத்தனை நாள் விட்டுவிட்டீர்கள். இந்த வாரம் போய்க் கேளுங்கள்.